நகராத எண்கள்

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள் ஆகஸ்ட், பிப்ரவரி மாதச் சம்பளச் சீட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊராட்சியும் நகராட்சியும் வாங்கும் தொழில் வரியைச் சம்பளத்தில் பிடிப்பது அந்த இரண்டு மாதங்களில்தான். 2024 அக்டோபர் முதல் கேரளத்தில் அந்த வரி மாறியது. எவ்வளவு கூடியது என்பதைவிட யாருக்குக் கூடியது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அரையாண்டு வருமானம் 12,000 முதல் 17,999 ரூபாய் வரை இருப்பவருக்கு 120 ரூபாயாக இருந்தது 320 ஆனது. 18,000 முதல் 29,999 வரை 180 ரூபாய் 450 ஆனது. 30,000 முதல் 44,999 வரை 300 ரூபாய் 600 ஆனது. 45,000 முதல் 99,999 வரை முன்பு 450, 600, 750 என்று மூன்று படிகள் இருந்தன. மூன்றையும் ஒன்றாக்கி எல்லாருக்கும் 750 என்றார்கள். 1 லட்சத்திலிருந்து 1,24,999 வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் 1,250. கடைசி இரண்டு படிகளில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

இதில் சதி ஒன்றும் கிடையாது. அரசியலமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறது. 250 ரூபாயாக இருந்த உச்சவரம்பை 1988இல் 60ஆவது திருத்தம் 2,500 ஆக்கியது. பிறகு யாரும் அதைத் தொடவில்லை. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் காசு வேண்டும், மேலே கூரை தலையில் இடிக்கிறது, ஆகவே கீழ்ப்படிகளை ஏற்றினார்கள். விளைவைப் பாருங்கள். மாதம் 5,000 ரூபாய்க்கு ஒரு கடையில் அரைநாள் கணக்கு எழுதுபவருக்கு அரையாண்டு வருமானம் 30,000, வரி 600, அதாவது 2 சதவீதம். மாதம் 15,000 வாங்கும் தொழிலாளிக்கு 0.8 சதவீதம். மாதம் 2 லட்சம் வாங்கும் மேலாளருக்கு 0.1 சதவீதம். வாளையார் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் அரையாண்டுக்கு 21,000 ரூபாய் வரை தொழில் வரியே கிடையாது. கேரளத்தில் வரி தொடங்கும் 12,000 என்பது மாதத்துக்கு வெறும் 2,000 ரூபாய்.

ஒரு நடைமுறைச் செய்தி. அரையாண்டில் மொத்தம் 60 நாளாவது வேலை பார்த்திருந்தால்தான் இந்த வரி பொருந்தும். பாதியில் சேர்ந்தவர்களுக்கும் சீசனுக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்கும் முதலாளி முழுப்படியைப் பிடித்துவிட்டால் கேட்கலாம். இன்னொன்று, படியை முடிவு செய்வது அந்த அரையாண்டின் மொத்த வருமானம். ஓவர்டைம் அதிகமாக வந்த ஒரு மாதத்தை ஆறால் பெருக்கிப் படியைத் தீர்மானிப்பது தவறு. சின்ன யூனிட்களில் கணக்குப் பார்ப்பவர்கள் வேலை மிச்சம் என்று இப்படிச் செய்துவிடுவதுண்டு.

ஏழைகள் மேல் வரி அதிகமாக விழுகிறதா என்ற பேச்சு வந்தால் எல்லாரும் சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள். எந்த எண்ணை அரசு வருஷா வருஷம் நகர்த்துகிறது, எதை மறந்துபோய் அப்படியே விட்டிருக்கிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். வருமான வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் 2.5 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள். 2019இல் 5 லட்சம் வரை தள்ளுபடி. 2023இல் புதிய முறையில் 7 லட்சம். 2025 பட்ஜெட்டில் 12 லட்சம். சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு சேர்த்து 12.75 லட்சம். இந்த ஒரு சலுகையால் ஏறத்தாழ 1 லட்சம் கோடி ரூபாய் நேரடி வரி குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். 11 ஆண்டுகளில் ஓர் எண் ஐந்து மடங்குக்குக் கிட்ட ஏறியிருக்கிறது. நடுத்தர வர்க்கத்துக்குக் குரல் இருக்கிறது, அது டெல்லி வரை கேட்கிறது. அவர்களுக்குக் கிடைத்ததைக் குறைசொல்லவில்லை. மற்ற எண்கள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு வீட்டுக் கணக்கு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாதம் 20,000 ரூபாயில் ஓடும் நான்கு பேர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வருமான வரி பூஜ்யம். எண்ணெய், சர்க்கரை, டீத்தூள், மசாலா, சோப்பு, பற்பசை, மருந்து என்று 5 சதவீத ஜி.எஸ்.டி. உள்ள சாமான் 3,500 ரூபாய்க்கு வாங்கினால் அதில் வரி 167 ரூபாய். சோப்பும் பற்பசையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீதத்தில் இருந்தவை. 5க்கு இறக்கியது உண்மையான நிம்மதி, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டு செல்போன் ரீசார்ஜ் 600 ரூபாய் என்றால் 18 சதவீதத்தில் 92 ரூபாய் வரி. கேஸ் சிலிண்டரில் 40 ரூபாய். ஜி.எஸ்.டி. மொத்தம் ஏறத்தாழ 300 ரூபாய். காய்கறி, மீன், முட்டை, கவர் பால், சாக்கிலிருந்து அளந்து தரும் அரிசி இவற்றுக்கு வரி இல்லை.

இப்போது ஸ்கூட்டருக்கு 15 லிட்டர் பெட்ரோல். 2025 ஏப்ரலில் ஏற்றியபோது ஒன்றிய அரசின் வரி லிட்டருக்கு 21.90 ஆனது. அதன்மேல் கேரள விற்பனை வரி 30.08 சதவீதம், கூடுதல் வரி 1 ரூபாய், அதற்கொரு 1 சதவீத செஸ் (மேல்வரி), 2023 ஏப்ரல் 1 முதல் சமூகப் பாதுகாப்பு செஸ் 2 ரூபாய். எல்லாம் கூட்டினால் லிட்டருக்கு 45 ரூபாய்க்குக் குறையாது. 15 லிட்டருக்கு 675. மாதம் கொடுக்கும் மொத்த மறைமுக வரி 970 ரூபாய்ப் பக்கம் என்றால் அதில் பத்தில் ஏழு பங்கு பெட்ரோலில் போகிறது.

ஜி.எஸ்.டி.யைப் பற்றியே வாய் வலிக்கப் பேசுகிறோம். உண்மையான கனம் ஜி.எஸ்.டி.க்குள் வராத பொருளில் இருக்கிறது. மாதம் 1 லட்சம் சம்பளம் வாங்குபவருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 5 சதவீதச் சாமான் 8,000, 18 சதவீதச் சாமான் 5,000, 40 லிட்டர் பெட்ரோல், ஒரு சிலிண்டர் என்றால் 2,980 ரூபாய் வரும், வருமானத்தில் 3 சதவீதம். அவருக்கும் வருமான வரி பூஜ்யம். 20,000 ரூபாய்க் குடும்பத்துக்கு 4.9 சதவீதம். மது இந்தக் கணக்கில் இல்லை. கேரளத்தில் மதுவின் விற்பனை வரியே 200 சதவீதத்தைத் தாண்டும். குடிக்கிற ஆள் உள்ள வீட்டில் மேலே சொன்ன தொகையெல்லாம் சில்லறையாகிவிடும்.

ஜி.எஸ்.டி.யில் மூன்றில் இரண்டு பங்கை நாட்டின் கீழ்ப்பாதி மக்களே கட்டுகிறார்கள் என்று ஒரு கணக்கு ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பின் அறிக்கையிலிருந்து கிளம்பி முகநூலில் சுற்றுகிறது. அதை எடுத்துப் பேசாமல் இருப்பது நல்லது. கீழ்ப்பாதி மக்கள் வாங்குவதில் பெரும்பகுதி வரி இல்லாத உணவு அல்லது 5 சதவீதச் சாமான். அவர்கள் செலவே நாட்டின் மொத்தச் செலவில் பாதிக்கும் குறைவு. அப்படியிருக்க வரியில் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு எப்படி வரும்? நியாயத்துக்குப் பொய்க்கணக்கு தேவையில்லை. வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தாலே போதும். பணக்காரர் சம்பாதிப்பதில் பாதியைச் சேமிக்கிறார், சேமிப்பில் ஜி.எஸ்.டி. இல்லை. ஏழை சம்பாதிப்பதை முழுக்கச் செலவழிக்கிறார்.

அரிசி மூட்டையில் ஒரு வேடிக்கை உண்டு. 2022 ஜூலை 18 முதல் பாக்கெட்டில் லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது, ஆனால் 25 கிலோ வரைதான். உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட்டார்கள். ஒரே தடவையில் 26 கிலோவுக்குக் காசு எடுத்து வைக்க முடிந்தவருக்கு வரி இல்லை. வாரக்கூலியில் 5 கிலோ பாக்கெட் வாங்குபவருக்கு உண்டு. தப்பிக்க வழி, கடைக்காரர் சாக்கைப் பிரித்து அளந்து தரும் அரிசியை வாங்குவது. அதற்கு லேபிள் இல்லை, வரியும் இல்லை.

லாட்டரியையும் இங்கேயே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அதனால் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையைத் தொடும் ஊர்களில் எல்லாம் கேரளப் பக்கத்தில் லாட்டரிக் கடை வரிசை. 2025 செப்டம்பரில் லாட்டரிக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 40 சதவீதமானது. 50 ரூபாய் டிக்கெட்டின் முகவிலைக்குள்ளேயே வரி அடங்குவதால் 14.29 ரூபாய் வரியாகப் போகிறது. வாங்குகிற கூட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்பது எல்லை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இதை வரி என்று யாரும் கணக்கில் வைப்பதே இல்லை.

சரி, வாங்கிய வரி திரும்பி வருகிறதா? நலத்திட்டத்தை வெட்டுகிறோம் என்று எந்த அரசும் மேடையில் சொல்லாது. வெட்டு நடப்பது வேறு மூன்று வழிகளில்: தொகையை அப்படியே விடுவது, வரம்பை அப்படியே விடுவது, சரிபார்ப்பு என்ற பெயரில் வரிசையை நீட்டுவது.

முதல் வழிக்கு ஒன்றிய அரசின் முதியோர் ஓய்வூதியத்தைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 200 ரூபாய் என்று 2007இல் தொடங்கினார்கள். 60 முதல் 79 வயது வரை 2025 முடியும்போதும் அதே 200. தொழிலுறப்பு என்ற 100 நாள் வேலைத் திட்டம் தொடங்கிய காலத்தில் கேரளத்தில் அதன் நாள்கூலி 125 ரூபாய். அன்றைக்கு அந்த 200 ஒன்றரை நாள் கூலிக்கு மேல். 2025-26இல் கூலி 369. இன்றைக்கு அது அரைநாள் கூலி. உத்தரவு எதுவும் போடாமலே மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது. பி.எஃப். சார்ந்த ஓய்வூதியத்தின் குறைந்தபட்சமும் 2014 செப்டம்பரில் 1,000 என்று வைத்ததோடு சரி.

கையில் கிடைப்பது 200 மட்டும் அல்லவே என்று கேட்கலாம். ஆம், மாநிலங்கள் மேலே போட்டுத்தான் தருகின்றன. கேரளத்தில் 2021 முதல் 1,600, 2025 நவம்பர் முதல் 2,000. தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. கேரளத் தொகை பெரிது, ஆனால் 2023-24இல் அது மாதக்கணக்கில் வரவில்லை. 2024 ஜூலையில் ஐந்து தவணை நிலுவை, ஆளுக்கு 8,000 ரூபாய். காரணம் ஊழல் என்றும் சோம்பல் என்றும் டீக்கடையில் பேசினார்கள். பெரிய காரணம், மாநிலம் வாங்கும் கடனுக்கு ஒன்றிய அரசு வைக்கும் வரம்பு. ஓய்வூதியம் தடையில்லாமல் போவதற்காகக் கேரளம் 2018இல் ஒரு தனி நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் கடன் வாங்கிக் கொடுத்தது. அந்தக் கடனையும் மாநிலத்தின் கடனாகவே கணக்கிடுவோம் என்று ஒன்றிய அரசு சொன்னதும் குழாய் அடைத்துக்கொண்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2024 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

பெட்ரோலின் 21.90இல் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் அடிப்படை வரி வெறும் 1.40 ரூபாய். மீதியெல்லாம் செஸ், சிறப்புக் கூடுதல் வரி. அதில் மாநிலத்துக்குப் பங்கு இல்லை. ஆகவே மாநிலம் தன் பங்குக்கு 2 ரூபாய் செஸ் போடுகிறது, ஓய்வூதியம் கொடுக்க. மகன் ஸ்கூட்டருக்கு 15 லிட்டர் அடித்து அதில் 30 ரூபாய் கொடுத்தால் அம்மாவுக்குப் பென்ஷன் வரும் என்ற ஏற்பாடு. 1 லட்சம் சம்பளக்காரர் இதே காரியத்துக்குக் கொடுப்பது 80 ரூபாய். எல்லையோரத்தில் இருப்பவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போய்ச் சில ரூபாய் குறைவாக நிரப்பிக்கொள்கிறார்கள் என்பதால் அதுவும் முழுதாக வசூலாவதில்லை.

இரண்டாவது வழி, வரம்பு. கேரளத்தில் க்ஷேம பென்ஷனுக்கு, அதாவது மேலே சொன்ன மாநில ஓய்வூதியத்துக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாதம் 8,333 ரூபாய். பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரி வேண்டாம் என்று ஏழைபோல் நடத்தும் நாட்டில், மாதம் 8,400 வருகிற குடும்பம் ஏழை இல்லை.

ரேஷன் அட்டையின் நிறம் இதைவிட வலியது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கேரளம் 2016 நவம்பரில் நடைமுறைப்படுத்திய பிறகு மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நான்கு நிறம். மஞ்சளுக்கு 35 கிலோ. பிங்க் அட்டைக்கு ஆளுக்கு 5 கிலோ இலவசம். நீல அட்டைக்கு ஆளுக்கு 2 கிலோ, கிலோ 4 ரூபாய். வெள்ளைக்கு அந்தந்த மாத ஒதுக்கீட்டைப் பொறுத்து, 10.90 விலையில். பிங்க் கிடைக்காமல் போகக் காரணங்கள்: 1,000 சதுர அடிக்கு மேல் வீடு, ஓர் ஏக்கருக்கு மேல் நிலம், நான்கு சக்கர வாகனம், மாத வருமானம் 25,000க்கு மேல், அரசு வேலை.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம், வடகரப்பதி, எருத்தேம்பதி மாதிரி ஊர்களில் இது எப்படிச் சிக்குகிறது என்று பாருங்கள். அது மழை குறைந்த தரை. ஒன்றரை ஏக்கர் வைத்திருந்தாலும் தண்ணீர் இல்லாவிட்டால் தென்னை காய்க்காது. பாகம் பிரிக்காத பழைய ஓட்டு வீடு திண்ணையோடு அளந்தால் 1,000 சதுர அடியைத் தாண்டும், உள்ளே மூன்று அடுப்பு எரியும். ஐந்து பேர் குடும்பத்தில் வருமானம் 24,900லிருந்து 25,100க்குப் போனால் கையில் கூடுவது 200 ரூபாய். போவது மாதம் 25 கிலோ இலவச அரிசி, கோதுமை. கடைவிலை 40 என்று போட்டாலே 1,000 ரூபாய். எந்தப் பணக்காரனுக்கும் இந்த நாட்டில் 500 சதவீத வரி கிடையாது.

போதாததற்கு, இடமே அளவாகத்தான் இருக்கிறது. நாடு முழுக்க இந்தச் சட்டத்தில் இடம் 81.35 கோடிப் பேருக்கு என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வந்த எண். கேரளத்துக்கு அதில் சுமார் 1.54 கோடி. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. ஆகவே ஒருவர் உள்ளே வர வேண்டுமென்றால் ஒருவர் வெளியே போக வேண்டும். மஞ்சள், பிங்க் ஆகிய முன்னுரிமை அட்டைகளுக்கு விண்ணப்பம் வாங்கும் அறிவிப்பு வந்தவுடன் போட வேண்டும். பிந்தினால் அடுத்த தடவைதான். விண்ணப்பிக்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள். வீட்டின் பரப்பு ஊராட்சிப் பதிவில் எத்தனை என்று உள்ளது. அட்டையில் பழைய வருமானம் கிடக்கிறதா. பிழைப்புக்காக ஓட்டும் ஒரே ஒரு டாக்சி இருந்தால் அதற்கு விலக்கு உண்டு என்பதால் அது சொந்தக் காராகப் பதிவாகியிருக்கிறதா. பிரிந்துபோன மகனின் பெயரும் காரும் அம்மாவின் அட்டையிலேயே கிடப்பதால் தள்ளுபடியாகும் விண்ணப்பங்கள் ஏராளம்.

தமிழ்நாட்டுப் பக்கம் அரிசி அட்டைக்கு 20 கிலோ என்று பரவலாகக் கொடுப்பதன் அருமை இங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். அங்கே பணக்காரனும் கொஞ்சம் வாங்கிவிடுகிறான், உண்மைதான். ஆனால் நிறத்துக்காக யாரும் தாலுகா ஆபீஸ் ஏறி இறங்குவதில்லை. மகளிர் உரிமைத் தொகையில் அந்தத் தாராளம் இல்லை: ஆண்டு வருமானம் 2.5 லட்சம், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட், நிலம் 5 ஏக்கர் நஞ்சை அல்லது 10 ஏக்கர் புஞ்சை என்று வரம்புகள். கேரள அட்டை வைத்திருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு, புகுந்த வீடு எல்லைக்கு நூறு அடி இந்தப் பக்கம் என்பதாலேயே அது இல்லை.

மூன்றாவது வழிதான் அதிகம் குத்துகிறது. பென்ஷன்காரர் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் அட்சயா என்ற அரசு இணையச் சேவை மையத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும், இதற்கு மஸ்டரிங் என்று பெயர். செங்கல் சூளையிலும் வயலிலும் கிடந்து தேய்ந்த விரலை இயந்திரம் படிக்காது. அப்போது திரும்பிப் போகாதீர்கள். மஸ்டரிங் தோற்றது என்று பதிவாகச் செய்துவிட்டு, ஊராட்சியில் உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். பதிவே ஆகாமல் வந்துவிட்டால் வராதவர் என்று கணக்காகிப் பென்ஷன் நின்றுவிடும். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து எடுப்பார்கள், சொல்லி வைக்க வேண்டும். தொழிலுறப்பிலும் இதே நோய். 2023 ஜனவரி முதல் நாளுக்கு இரண்டு தடவை செயலியில் போட்டோ. சிக்னல் கிடைக்காவிட்டால் வேலை செய்தும் கூலி இல்லை. 2024 ஜனவரி முதல் ஆதார் வழியே மட்டும் கூலி.

அந்தத் திட்டமே இப்போது மாறிவிட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 100 நாளை 125 ஆக்குகிறது, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பு கூலி முழுவதும் ஒன்றிய அரசின் பொறுப்பு, இனி 60:40. ஓய்வூதியத்துக்கே தவணை சொன்ன மாநிலம் அந்த 40ஐ எங்கிருந்து எடுக்கும்? விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தலாம் என்றும் இருக்கிறது. பாலக்காட்டு வயலில் அறுப்பது தமிழ்நாட்டிலிருந்து வாடகைக்கு வரும் எந்திரம். தொழிலுறப்புக்குப் போகும் பெண்களை அந்த நாட்களில் யார் வயலுக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

கஞ்சிக்கோட்டுக்கே திரும்பினால் இன்னோர் எண் மிச்சம் இருக்கிறது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ஆனது, 2025 முடியும்போதும் அதேதான். 20,800 வாங்குபவருக்கு 500 ரூபாய் உயர்வு கொடுத்தால் குடும்பத்தின் மருத்துவம் போகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். உயர்வு ஏப்ரல் 1 அன்றே நடைமுறைக்கு வந்தால் அன்றைக்கே வெளியே. மே மாதத்திலிருந்து வந்தால் செப்டம்பர் 30 வரை உள்ளேதான், 0.75 சதவீதப் பிடித்தம் தொடரும். அந்த ஆறு மாதத்துக்குரிய பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. வீட்டில் பிரசவமோ ஆபரேஷனோ இருந்தால், உயர்வுக் கடிதத்தில் தேதியை ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்லிக் கேளுங்கள். முதலாளிக்கு ஒரு மாத உயர்வுத் தொகை மிச்சம் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.